கத்தலா, கத்தியா?

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

எங்கள் திருநெல்வேலி வண்ணார்பேட்டையில் தடுக்கி விழுந்தால் ஆஸ்பத்திரி. தென்காசி, அம்பாசமுத்திரம், ராதாபுரம் பக்கமிருந்தெல்லாம் நிறைமாதக்காரிகளைக் காரில் ஏற்றிக்கொண்டு இங்கேதான் வருகிறார்கள். அந்த ஆஸ்பத்திரிப் போர்டுகள் சிலவற்றில் கொஞ்ச காலமாக ஒரு வரி சேர்ந்திருக்கிறது: 'வலியில்லாப் பிரசவம் செய்யப்படும்'. அந்த ஒரு வரியைப் பற்றித்தான் இந்தக் கடிதம்.

என் மகளுக்குத் தலைப்பிரசவம். ஐந்தாம் மாதத்திலிருந்து அப்படிப் போர்டு வைத்த ஓர் இடத்தில்தான் காட்டினோம். பெயரை எழுதவில்லை. அந்த ஓர் இடத்தோடு முடிகிற சங்கதியாக இருந்தால் எழுதியிருப்பேன். போர்டைக் காட்டி மகள் கேட்டபோது, "உண்டும்மா, தனியா பதினஞ்சாயிரம் ஆகும், வலி வந்த பிறகு பாத்துக்கிடலாம்" என்றார்கள் கவுண்டரில். அரசாங்கம் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்தில் கையில் தரும் மொத்தப் பணமே 14,000 ரூபாய்தான். போகட்டும், பிள்ளை நிம்மதியாகப் பெறட்டும் என்று சரி சொன்னேன்.

ராத்திரி பதினொன்றரைக்கு வலி கண்டது. சூட்டு வலியாக இருக்கும் என்று சீரகக் கஷாயம் வைத்துக் கொடுத்தேன். நிற்கவில்லை. ஒரு மணிக்கெல்லாம் ஆஸ்பத்திரியில் இருந்தோம். வளைகாப்பு வளையல்களை ஒவ்வொன்றாகக் கழற்றி, ஒரு துணிப்பையில் போட்டு என் கையில் தந்துவிட்டு அவளை உள்ளே கூட்டிப் போனார்கள். இரண்டரைக்கு நர்ஸ் வந்து, "வாய் நாலு சென்டிமீட்டர் திறந்திருக்கு ஆச்சி" என்றாள். வலியில்லாப் பிரசவத்துக்கான ஊசியைப் போடுங்கள் என்றேன். "அனஸ்தீசியா டாக்டர் வெளியே இருந்துதான் வரணும். காலைல ஏழு மணிக்கு மேல சொல்லிப் பாக்கேன். எல்லாரும் இப்படித்தானே ஆச்சி பெத்தோம்."

நாலு மணிக்கு உள்ளே விட்டார்கள். கட்டில் கம்பியைப் பிடித்த பிடியில் என் மகளின் விரல் மூட்டெல்லாம் வெளுத்துப்போயிருந்தது. "எம்மா, அறுத்தாவது எடுக்கச் சொல்லு" என்றாள். சொன்னேன். போன் போட்டார்கள். இருபதே நிமிடம். ஏழு மணிக்கு மேல்தான் வருவார் என்ற அதே மயக்க மருந்து டாக்டர், சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே படியேறி வந்தார்.

பேத்தி சுகமாக இருக்கிறாள், மகளும் தேறிவிட்டாள். டிஸ்சார்ஜ் சம்மரியில் 'தாயின் விருப்பத்தின் பேரில் சிசேரியன்' என்று எழுதியிருக்கிறது. அவள் விரும்பிக் கேட்டது எது என்று எழுத அதில் இடமில்லை.

அந்த டாக்டரை நான் குறை சொல்லவில்லை. மூன்றாம் நாள் பார்க்க வந்தபோது நேராகவே கேட்டேன். ஒளிக்காமல் சொன்னார். சிசேரியன் என்றால் ஒரு மணி நேரத்தில் வேலை முடிந்து கிளம்பிவிடலாம். வலியில்லாப் பிரசவத்துக்கு எபிடூரல் ஊசி போட்டால் பிள்ளை பிறக்கும்வரை கூப்பிட்ட குரலுக்கு ஆள் இருக்க வேண்டும். ரத்த அழுத்தம் இறங்குகிறதா, பிள்ளையின் இதயத் துடிப்பு சரியாக இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும், மருந்து தீரத் தீரக் கொடுக்க வேண்டும். அன்று ராத்திரி அவர் பொறுப்பில் மூன்று ஆஸ்பத்திரிகள். நியாயம்தான். அப்படியானால் போர்டில் ஏன் எழுதினீர்கள் என்பதுதான் என் கேள்வி. அது அவரிடம் கேட்க வேண்டிய கேள்வி அல்ல.

நான் முப்பத்தோரு வருடம் பள்ளிக்கூடத்தில் அறிவியல் சொல்லிக்கொடுத்தவள். வீட்டுக்கு வந்து உட்கார்ந்து படித்தேன். டியூரா என்பது தண்டுவடத்தைப் பொதிந்திருக்கும் உறை. அதற்கு வெளியே மெல்லிய ஓர் இடைவெளி இருக்கிறது. அங்கே மருந்து விடுவதால்தான் எபிடூரல் என்று பெயர். இடுப்பு முள்ளெலும்புகளில் மூன்றாவதுக்கும் நாலாவதுக்கும் நடுவே, தோலை மரத்துப்போக வைத்துவிட்டு, நுனி வளைந்த ஊசி ஒன்றைச் செலுத்துகிறார்கள். தண்டுவடம் அதற்கு மேலேயே முடிந்துவிடுகிறது. ஊசி தசைநார்களுக்குள் போகிறவரை சிரிஞ்சை அழுத்தும் விரலுக்கு எதிர்ப்பு இருக்கும். சரியான இடம் வந்ததும் அது சட்டென்று விட்டுப்போகும். கண்ணால் பார்க்க முடியாத இடத்தை விரலால் கண்டுபிடிக்கிற கைத்திறன் அது. பிறகு ஊசியை எடுத்துவிட்டு, நூல் கனத்தில் ஒரு குழாயை மட்டும் முதுகோடு ஒட்டி வைத்துவிடுகிறார்கள். பூபிவகைன் என்ற மரப்பு மருந்தை ரொம்ப நீர்த்த அளவில், சிறிது ஃபென்டனைலோடு சேர்த்து அதன் வழியே விடுகிறார்கள். கால் மணி, இருபது நிமிடத்தில் வலி அடங்குகிறது. தாய் விழித்திருக்கிறாள், பேசுகிறாள், முக்கச் சொன்னால் முக்குகிறாள்.

குறையே இல்லையா? இருக்கிறது. ரத்த அழுத்தம் இறங்கலாம், உடம்பு அரிக்கலாம், காய்ச்சல் காணலாம், சிறுநீர் பிரியச் சிரமப்படலாம். பிள்ளை வெளியே வரும் கடைசிக் கட்டம் கொஞ்சம் நீளும். நூற்றில் ஒருவருக்கு உறையில் துளை விழுந்து சில நாள் கடுமையான தலைவலி வரலாம். ரத்தம் உறைவதில் கோளாறு உள்ளவர்களுக்கும், ஊசி போடும் இடத்தில் கிருமித்தொற்று உள்ளவர்களுக்கும் இது ஆகாது. இதையெல்லாம் ஏழாம் மாதத்தில், நல்ல தமிழில், உட்காரவைத்துச் சொல்ல வேண்டும். வலியில் துடிக்கிறவளிடம் படிவத்தை நீட்டிக் கையெழுத்து வாங்குவதற்குப் பெயர் சம்மதம் இல்லை.

எங்கள் தெருவில் இன்னொரு பேச்சு உண்டு. முதுகில் ஊசி போட்டால் ஆயுசுக்கும் இடுப்பு வலி தீராதாம். எதிர்வீட்டு ஆச்சி என் மகளிடம் அதைச் சொல்லிப் பயமுறுத்தியபோது, அவருடைய இரண்டு மருமகள்களுமே சிசேரியன்காரிகள். சிசேரியனுக்கும் முதுகில்தான் ஊசி போடுகிறார்கள் என்பதை யாரும் அவருக்குச் சொல்லவில்லை. எபிடூரலால் தீராத முதுகுவலி வருவதாகவோ, அதனால் சிசேரியன் கூடுவதாகவோ ஆதாரம் இல்லை என்று, பல ஆய்வுகளைத் திரட்டி அலசிய காக்ரேன் அறிக்கை 2018-லேயே சொல்லிவிட்டது. அதே வருடம் உலக சுகாதார நிறுவனமும், ஆரோக்கியமான கர்ப்பிணி வலி தீரக் கேட்டால் அவள் விருப்பப்படி எபிடூரல் கொடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. அமெரிக்க மகப்பேறு மருத்துவர்கள் சங்கத்துக்கோ, அவள் கேட்பது ஒன்றே போதுமான மருத்துவக் காரணம்.

இது புதுமோகமும் அல்ல. 1853-ல் விக்டோரியா ராணி எட்டாவது பிள்ளைக்கு ஜான் ஸ்னோ என்ற டாக்டரிடம் குளோரோஃபார்ம் வாங்கி முகர்ந்துகொண்டார். வலியோடு பெறுவதுதான் தெய்வ சித்தம் என்று அந்த ஊரிலும் சொல்லிப் பார்த்தார்கள். ராணியே முகர்ந்தபின் வாய் அடைத்துப்போயிற்று. இடுப்பில் எபிடூரல் போடும் முறையை ஸ்பெயின் ராணுவ டாக்டர் ஃபிடல் பாகேஸ் எழுதி வெளியிட்டது 1921-ல். நூறு வருடம் தாண்டிவிட்டது. ஆடிப்பூரத்தில் காந்திமதி அம்மனுக்கே வளைகாப்பு நடத்துகிற நம் ஊரில், பிரசவ வலி என்றதும் "பொறுத்துக்கோ ஏட்டி" என்பதற்குமேல் ஒரு வார்த்தை இன்னும் வரவில்லை.

ஆனால் சிசேரியன் மட்டும் தங்குதடையில்லாமல் கிடைக்கிறது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் நூறு பிரசவத்தில் சுமார் 45 சிசேரியன். தனியாரில் மட்டும் பார்த்தால் 64, அரசு மருத்துவமனைகளில் 36. இத்தனையும் வலிக்குப் பயந்து செய்தவை என்று நான் சொல்லவில்லை. உயிரைக் காக்கச் செய்ததும் இதில் நிறைய. ஆனால் விடியற்காலை நாலு மணிக்கு என் மகளைப் போல, வேறு வழி தெரியாமல் "அறுத்து எடுங்க" என்று சொன்னவர்கள் எத்தனை பேர் என்று யாராவது எண்ணினார்களா? ஒன்று கத்து, இல்லையென்றால் கத்தி. இவ்வளவுதான் நம் பெண்களுக்கு முன்னால் வைக்கப்பட்டிருக்கிறது.

எனவே இணை இயக்குநர், மருத்துவ நலப்பணிகள் அலுவலகத்துக்கு என் வேண்டுகோள். 'வலியில்லாப் பிரசவம்' என்று போர்டு வைக்கிற ஒவ்வொரு ஆஸ்பத்திரியும் அதன் கீழேயே எந்த நேரம் முதல் எந்த நேரம்வரை, என்ன கட்டணம், மயக்க மருந்து டாக்டர் அங்கேயே தங்கியிருப்பவரா என்று எழுதட்டும். ராத்திரியில் கிடையாது என்றால் ராத்திரியில் கிடையாது என்று எழுதட்டும். பிள்ளை வலி பகலில் மட்டும்தான் வரும் என்று யாரும் உத்தரவாதம் கொடுத்ததில்லை.

அரசு மருத்துவமனைகளுக்கு இதைவிடப் பெரிய பொறுப்பு உண்டு. பதினைந்தாயிரம் கொடுக்க முடியாதவர்கள் அங்கேதான் போகிறார்கள். மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மயக்கவியல் மேற்படிப்பு மாணவர்கள் ராத்திரியும் பணியில் இருக்கிறார்கள். ஆபரேஷன் தியேட்டருக்கு ஆள் ஒதுக்குவதுபோல லேபர் வார்டுக்கும் முறை வைத்து ஒருவரை ஒதுக்கினால் அங்கிருந்தே தொடங்கலாம். எபிடூரலுக்கு ஆள் போதாத தாலுகா ஆஸ்பத்திரிகளில், நைட்ரஸ் ஆக்சைடும் ஆக்சிஜனும் பாதிக்குப் பாதி கலந்த வாயுவையாவது வைக்கலாம். வலி வரும்போது தாயே முகமூடியைப் பிடித்து வாயுவை மூச்சில் இழுத்துக்கொள்கிறாள், விட்டதும் எடுத்துவிடுகிறாள். இங்கிலாந்தில் எத்தனையோ வருடமாக மருத்துவச்சிகளே கையாளுகிற முறை இது. எபிடூரல் அளவுக்கு வலி அடங்காதுதான், வெறும் கட்டில் கம்பிக்கு அது எவ்வளவோ மேல்.

வருகிற திங்கள்கிழமை கொக்கிரகுளம் கலெக்டர் அலுவலகத்தில் மக்கள் குறைதீர்க்கும் கூட்டத்துக்குப் போகிறேன். வீட்டிலிருந்து நடந்து போகிற தூரம்தான். மனுவோடு போர்டின் போட்டோ ஒன்றும், டிஸ்சார்ஜ் சம்மரியின் ஜெராக்ஸ் ஒன்றும் இருக்கும். 'தாயின் விருப்பத்தின் பேரில்' என்ற இடத்தில், பரீட்சைத் தாள் திருத்துவதற்கு வைத்திருந்த சிவப்புப் பேனாவால் அடிக்கோடு போட்டிருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்,
வண்ணார்பேட்டை, திருநெல்வேலி.