புதன்கிழமைக்கு ஒரு மணி நேரம்

வெளியே போவது என்றால் ஞாயிற்றுக்கிழமைதான். நம் வீடுகளில் இது எழுதாத சட்டம். கடற்கரையா, வண்டலூரா, மாலா என்று சனிக்கிழமை ராத்திரியே பேச்சு தொடங்கும். ஞாயிறு காலை பத்து மணிக்கு, 'வெயில் ஜாஸ்தியா இருக்கு, அடுத்த வாரம் பார்க்கலாம்' என்று முடியும். நான்கு வயதுப் பிள்ளைக்கு 'அடுத்த வாரம்' புரியாது. அதற்குத் தெரிந்தது 'இன்னிக்கு', 'நாளைக்கு' இரண்டும்தான்.

காஞ்சிபுரத்தின் தெற்கு ஓரத்தில், பாலாற்றை ஒட்டி இருக்கிறது ஓரிக்கை. மாநகராட்சியோடு சேர்ந்துவிட்டாலும் பாதி நகரம், பாதி கிராமம். இங்கே ஒரு வீட்டின் வார நாள் சாயங்காலத்தை நினைத்துப் பாருங்கள். அப்பாவுக்கு ஒரகடம் பக்கம் கம்பெனி வேலை. கம்பெனி பஸ் அவரை இறக்கிவிடும்போது மணி ஐந்தரை. அம்மாவுக்கு டவுனில் பட்டுக் கடையில் வேலை. அவரும் அதே நேரத்துக்கு வந்துவிடுவார். அங்கன்வாடியிலிருந்து பிள்ளையை அழைத்து வந்து வைத்திருப்பது ஆயா. எட்டு மணிக்குச் சாப்பாடு, ஒன்பதுக்குத் தூக்கம். நடுவில் கிடைப்பது இரண்டரை மணி நேரம்.

அந்த நேரத்தில் அப்பா கால் நீட்டிப் படுத்திருப்பார். அம்மா அடுப்படியில். ஆயாவுக்கு சீரியல். பிள்ளை கையில் போன். மூன்று பெரியவர்கள் வீட்டில் இருக்கிறார்கள். ஆனால் பிள்ளையோடு யாரும் இல்லை.

இதில் யாரையும் குற்றம் சொல்ல முடியாது. எல்லாருக்கும் உண்மையிலேயே அலுப்புதான். ஆனால் பிள்ளை இன்னும் அலுக்கவில்லை என்பதுதான் சிக்கல். உலக சுகாதார நிறுவனம் 2019-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில், 3, 4 வயதுக் குழந்தைகள் ஒரு நாளில் குறைந்தது 3 மணி நேரமாவது ஓடியாட வேண்டும், அதில் 1 மணி நேரம் மூச்சு வாங்கும் அளவுக்கு இருக்க வேண்டும் என்கிறது. உட்கார்ந்து திரை பார்ப்பது 1 மணி நேரத்தைத் தாண்டக் கூடாது, தூக்கம் 10 முதல் 13 மணி நேரம் வேண்டும் என்றும் சொல்கிறது. ராத்திரி பத்தரைக்கும் தூங்காமல் படுத்தும் பிள்ளைகளில் சிலர், சாயங்காலம் ஓட இடம் கிடைக்காத பிள்ளைகளாக இருக்கலாம்.

சரி, வார நாளில் எங்கே போவது?

ஓரிக்கைக்காரர்களுக்குப் பதில் வாசலிலேயே இருக்கிறது. காஞ்சிப் பெரியவர் சந்திரசேகரேந்திர சரஸ்வதி சுவாமிகளுக்கு எழுப்பப்பட்ட மணிமண்டபம் இங்கேதான். 2011-ல் கும்பாபிஷேகம் நடந்தது. 1994-ல் அவர் சித்தியடைந்தபோது நூறு வயதை நெருங்கியிருந்தார். அந்த நூறை நினைவில் வைத்து மண்டபத்துக்கு 100 தூண்கள். பெரியவர்கள் சன்னதியில் கை கூப்பி நிற்கட்டும். பிள்ளைக்கு அங்கே வேறு வேலை இருக்கிறது. தூணை எண்ண வேண்டும். பதினாலு வரை சரியாக வரும், அப்புறம் பத்தொன்பது, மறுபடி பதினாறு. அதனால் என்ன? அடுத்த வாரம் மறுபடி முதலிலிருந்து எண்ணலாம். பகல் முழுக்க வெயில் குடித்த கருங்கல், சாயங்காலமும் வெதுவெதுப்பாக இருக்கும். 'கல்லுக்கு ஜொரமா ஆயா?' என்று ஒரு கேள்வி வரும். இந்தக் கேள்வி எந்த வீடியோவிலும் வராது.

பக்கத்திலேயே பாலாறு. கர்நாடகத்தின் நந்தி மலையில் பிறந்து, வயலூரில் கடலில் சேரும் ஆறு. வருடத்தில் பெரும்பாலான நாள் வெறும் மணல்தான். ஆனால் 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடியதை இந்தப் பக்கத்துக்காரர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஆற்றில் இறங்க வேண்டாம். கரையில் நின்று, 'இங்க வரைக்கும் தண்ணி வந்துது' என்று கை காட்டினால் போதும். பிள்ளைக்கு அது கதை.

இன்னொரு நாள் பஸ் ஏறலாம். சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் 2021 முதல் பெண்களுக்கு இலவசம். 5 வயது வரை குழந்தைகளுக்கும் டிக்கெட் கிடையாது. ஆக, குடும்பத்தில் காசு கொடுத்து டிக்கெட் வாங்குகிறவர் அப்பா ஒருவர்தான். ஜன்னல் சீட்டைப் பிள்ளைக்குக் கொடுத்தால் போகிற வழியே வேடிக்கை. வரதராஜப் பெருமாள் கோயிலில் தங்கப் பல்லியையும் வெள்ளிப் பல்லியையும் தொட அப்பா தூக்கிப் பிடிக்க வேண்டும். மிளகும் சீரகமும் சுக்கும் போட்ட கோயில் இட்லி கிடைத்தால் ஆளுக்கு ஒரு விள்ளல். எட்டு மணிக்குள் வீடு.

அதே கோயிலில்தான் 40 வருடத்துக்கு ஒரு முறை அத்தி வரதர் குளத்திலிருந்து வெளியே வருகிறார். 2019-ல் அவர் காட்சி தந்த 48 நாளும் காஞ்சிபுரம் திணறியது. மறுபடி வருவது 2059-ல். இன்றைய நான்கு வயதுப் பிள்ளை அப்போது நாற்பதை நெருங்கியிருக்கும். அந்த மாதிரிப் பெரிய நாளுக்காக எல்லாரும் லீவு போடுவார்கள், வரிசையில் மணிக்கணக்காக நிற்பார்கள். நிற்கட்டும். ஆனால் பிள்ளை வளர்வது அந்த 48 நாளில் அல்ல. நடுவில் வரும் சாதாரணப் புதன்கிழமைகளில்தான்.

ஆயாவிடம் கேட்டால் இதன் அருமை தெரியும். காஞ்சிப் பட்டில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம் என்று கோர்வை போட, தறியில் இரண்டாவது ஆள் வேண்டும். கரைக்குரிய நாடாவைத் தள்ளிக் கொடுக்கும் அந்த இரண்டாவது ஆள், ஒரு காலத்தில் பெரும்பாலும் வீட்டுப் பிள்ளையோ கூலிக்கு வந்த பிள்ளையோதான். வெளியே மற்ற பிள்ளைகளின் சத்தம் கேட்கும், கை நாடாவில் இருக்கும். 1990-களில் காஞ்சிபுரத் தறிகளில் சிறுவர் உழைப்பு நாடு முழுக்கப் பேசப்பட்டது. வீடு வீடாகப் போய்ப் பேசி, பிள்ளைகளைத் தறியிலிருந்து எழுப்பிப் பள்ளிக்கு அனுப்பப் பல வருடம் பாடுபட வேண்டியிருந்தது. அப்படி மீட்ட சாயங்காலம் இது. அதைத் திரும்பவும் ஒரு மூலையில், போனின் வெளிச்சத்தில் உட்கார வைத்துக் கழிப்பது நியாயமா?

'ஒரு மணி நேரத்தில் என்ன பெரிசா ஆகிடும்?' என்று தோன்றலாம். அதற்கு ஓரிக்கையின் பெயரே பதில். திருமழிசை ஆழ்வாரின் சீடர் கணிகண்ணனைப் பல்லவ மன்னன் ஊரைவிட்டுப் போகச் சொன்னான். சீடரோடு ஆழ்வார் கிளம்பினார். அவர் சொல் கேட்டு, திருவெஃகாப் பெருமாளும் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு பின்னாலேயே கிளம்பிவிட்டார். மூவரும் தங்கிய இடம் இது. தங்கியது ஒரே ஒரு ராத்திரி. மன்னன் ஓடி வந்து மன்னிப்புக் கேட்க, எல்லாரும் திரும்பிப் போனார்கள். ஆனால் 'ஓர் இரவு இருக்கை' என்று ஊருக்குப் பெயர் நின்றுவிட்டது என்பார்கள். ஒரு ராத்திரித் தங்கல் ஊருக்கே பெயராக முடியும் என்றால், வாராவாரம் ஒரு மணி நேரம் ஒரு பிள்ளையின் மனசில் நிற்காதா?

செய்ய வேண்டியது அதிகம் இல்லை. வாரத்தில் ஒரு நாளை முடிவு செய்யுங்கள். ஷிப்ட் மாறினால் நாளை மாற்றுங்கள், விட்டுவிடாதீர்கள். அன்றைக்கு மட்டும் இட்லி மாவு இருக்கட்டும், அம்மாவுக்கு அடுப்படி அவசரம் இருக்காது. போன் ஒன்று மட்டும், அதுவும் பைக்குள். ஆயாவுக்கு மூட்டு வலி என்றால் உட்கார இடம் இருக்கிற பக்கமாகப் போங்கள். பொம்மை வாங்கித் தரும் நாளாக ஆக்கிவிடாதீர்கள், பிறகு அது கடைக்குப் போகும் நாளாகிவிடும். மெதுவாக நடங்கள். பிள்ளை எறும்பு பார்க்க நின்றால் நீங்களும் நில்லுங்கள்.

வரும் புதன்கிழமை ஐந்தே முக்காலுக்கு ஒரு காபி குடித்துவிட்டுச் செருப்பை மாட்டுங்கள். எந்தப் பக்கம் போவது என்பதைப் பிள்ளை சொல்லும்.