மெழுகுதிரியிடம் என்ன கேட்பது?

விஞ்ஞானக் கண்காட்சி நெருங்கினாற் போதும், மாணாக்கரைக் காட்டிலும் பெற்றோருக்கே நித்திரை கெட்டுவிடுகிறது. ஒலுவிலிலிருந்து தாயொருவர் நமக்கு எழுதுகிறார்: "மகன் மெழுகுதிரி எரிவதைப் பற்றிச் செயற்றிட்டம் செய்யப் போகிறானாம். அதிலே செய்வதற்கு என்ன இருக்கிறது? எரிமலை செய்தாலாவது வருகிறவர்கள் நின்று பார்ப்பார்களே!"

பார்ப்பார்கள்தாம். கடதாசிக்கூழால் மலை செய்து, அப்பச்சோடாவும் வினாகிரியும் ஊற்றினால் நுரை பொங்கும். ஆனால், பொங்கும் என்பது பொங்குவதற்கு முன்னரே எல்லோருக்கும் தெரியுமே! பிள்ளை அங்கே கண்டறிவதற்கு யாது உளது? மகனின் தெரிவே மேலானது என்பது நம் எண்ணம்.

மெழுகுதிரியை அற்பமென்று தள்ளாதவர் மைக்கல் பரடே. கொல்லனின் மகனாய்ப் பிறந்து, புத்தகம் கட்டும் தொழில் பழகி, பின்னர் உலகம் போற்றும் விஞ்ஞானியான அப்பெரியார், இலண்டனிலுள்ள ரோயல் நிறுவனத்தில் 1848 ஆம் ஆண்டிலும், மீண்டும் 1860-61 ஆம் ஆண்டுகளிலும் சிறுவர்க்கு ஆற்றிய தொடர்ச் சொற்பொழிவுகளுக்கு எடுத்துக்கொண்ட பொருள் ஒற்றை மெழுகுதிரியே. ஆறு சொற்பொழிவுகளுக்குப் பின்னரும் அவருக்குப் பொருள் தீர்ந்துவிடவில்லை!

எரிவது திரியன்று, உருகிய மெழுகுமன்று. உருகிய மெழுகு திரிவழியே மேலேறி, வெப்பத்தால் ஆவியாகிறது. அந்த ஆவியே எரிகிறது. சுடரை ஊதி அணைத்தவுடன் எழும் வெண்புகையில் எரியும் தீக்குச்சியைக் காட்டிப் பாருங்கள். திரியைத் தொடாமலே தீ புகைவழி இறங்கித் திரியைப் பற்றிக்கொள்ளும். சிறுவர் இதனைக் கண்டு துள்ளிக் குதிப்பர்.

எனினும் வேடிக்கை வேறு, செயற்றிட்டம் வேறு. பலரும் செய்துகாட்டும் ஒன்றை எடுத்துக்கொள்வோம். தட்டிலே நீரூற்றி, நடுவில் எரியும் மெழுகுதிரியை நிறுத்தி, மேலே ஒரு போத்தலைக் கவிழ்ப்பார்கள். சுடர் அணையும், நீர் போத்தலினுள் ஏறும். "வளியிலே ஐந்திலொரு பங்கு ஒட்சிசன், அது எரிந்து தீர்ந்தது, அவ்விடத்தை நீர் நிரப்பிற்று" என்று விளக்கமும் சொல்வார்கள். கேட்பதற்கு எவ்வளவு பொருத்தமாயிருக்கிறது! ஆனால் அது பிழையான விளக்கம்.

மூடிய போத்தலினுள் ஒட்சிசன் முழுவதும் தீருமுன்னரே, அதிலே பெரும்பங்கு எஞ்சியிருக்கும்போதே, சுடர் அணைந்துவிடுகிறது. செலவான ஒட்சிசனுக்கு ஈடாகக் காபனீரொட்சைட்டும் தோன்றுகிறது. மூன்று பங்கு போனால் ஏறக்குறைய இரண்டு பங்கு வருகிறது. நீரை உயர்த்துவது பெரும்பாலும் வெப்பத்தின் வேலையே. சூடேறிய வளி விரிந்து, போத்தலின் விளிம்பருகே குமிழிகளாய் வெளியேறுகிறது. சுடர் அணைந்தபின் எஞ்சிய வளி குளிர்ந்து சுருங்க, நீர் உட்புகுகிறது.

இதனை நாம் சொன்னோம் என்பதற்காக நம்ப வேண்டாம். மகன்தானே சோதிக்கட்டும். முதலில் ஒரு மெழுகுதிரி, பின்னர் அதே போத்தலில் இரண்டு, அப்புறம் மூன்று. ஒட்சிசன்தான் காரணமென்றால் நீர் ஏறக்குறைய ஒரே உயரத்துக்கே ஏற வேண்டும்; வெப்பம் காரணமென்றால் திரிகள் பெருகப் பெருக நீர்மட்டமும் உயர வேண்டும். நீர் எப்போது விரைந்து ஏறுகிறது, சுடர் எரியும்போதா, அணைந்த பின்பா என்பதையும் கவனிக்கட்டும். ஒவ்வொன்றையும் மும்முறை செய்து, அளவுகோலால் அளந்து, வந்த எண்ணை வந்தபடியே எழுத வேண்டும். ஊரிலேயே தென்கிழக்குப் பல்கலைக்கழகம் இருக்கிறது. தெரிந்த விரிவுரையாளர் எவரிடமேனும் கேட்கலாம். ஆனால் அளந்த பின்பு கேட்பதே நலம். விடையை முன்கூட்டியே பெற்றுவிட்டால் அளப்பதில் உற்சாகம் இராது.

திரியின் நீளம், மெழுகின் பருமன் என்று வேறு வினாக்களும் உண்டு. எதை எடுத்தாலும் ஒன்றை மாத்திரம் மாற்றி, மற்றவற்றை அப்படியே வைத்திருத்தல் வேண்டும்.

"இதனால் யாருக்குப் பயன்?" என்று வாப்பா கேட்கக்கூடும். சுடரைக் கூர்ந்து பார்த்தோரால் நம் நாடு அடைந்த பயனொன்று உண்டு. வெற்றுப் போத்தல்களில் திரியிட்டு எரித்த மண்ணெண்ணெய் விளக்குகள் கவிழ்ந்து எத்தனையோ பேர் தீக்காயமுற்றனர். அவர்களுக்குச் சிகிச்சை செய்துவந்த சத்திரசிகிச்சை நிபுணர் விஜய கொடகும்புர, விளக்கு ஏன் கவிழ்கிறது, கவிழ்ந்தால் ஏன் உருள்கிறது, எண்ணெய் ஏன் சிந்துகிறது என்று ஆராய்ந்தார். குட்டையும் கனமுமான மார்மைட் போத்தல் அவருக்கு வழிகாட்டிற்று. உருளாதபடி இருபுறமும் தட்டையாய், திருகுமூடியுடன் அவர் அமைத்த பாதுகாப்பு விளக்குக்கு 1998 இல் ரோலெக்ஸ் விருது கிடைத்தது. 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு வந்தபோது, இந்நாட்டிலே எத்தனை வீடுகளில் திரிகள் எரிந்தன என்பதை எண்ணிப் பார்த்தால் இதன் அருமை விளங்கும்.

ஆதலால் மகன் சோதனை செய்யும்போது பெரியவர் ஒருவர் அருகில் இருத்தல் அவசியம். மெழுகுதிரியைத் தட்டிலே உருகிய மெழுகால் அசையாமல் ஒட்டிவிடுங்கள். அருகே ஒரு வாளி நீர் இருக்கட்டும். தங்கையும் கூட நின்று பார்ப்பாளாயின் பர்தாவின் நுனியை ஊசியால் குத்திவிடுங்கள். போத்தல் தடித்ததாயிருக்கட்டும்; ஆறுமுன் கை வைக்கலாகாது.

இன்னுமொன்று. ஒலுவில் கடற்கரையூர், கச்சான் வீசும் மாதங்களிலோ கேட்கவே வேண்டாம். காற்றில் சுடர் ஆடினால் அளவுகளும் ஆடும். சுபஹுத் தொழுகை முடிந்து, காற்று எழுமுன், யன்னலைச் சாத்திவிட்டுத் தொடங்குவது உத்தமம். யன்னல் சாத்தியிருந்ததா, மணி என்ன என்பதையும் மகன் கொப்பியில் முதல் வரியாகக் குறித்துக்கொள்ளட்டும்.