ரோடு யாருக்கு?

பட்டணத்தில் நெரிசலான ரோடு ஒன்றைத் திருத்தியமைக்கப் போவதாக அறிவிப்பு வந்தவுடன், நம் பணக்காரர்களும் படித்தவர்களும் கேட்கின்ற முதல் கேள்வி "காரை எங்கே நிறுத்துவது?" என்பதேயாகும். அதே ரோட்டில் நடந்து போகும் கூலிக்காரனும், கூடை வைத்துப் பூ விற்கும் பெண்ணும், பஸ்ஸுக்குக் காத்திருக்கும் பிள்ளைகளும் எங்கே நிற்பது என்று கேட்பாரைக் காணோம். வேலை துவக்கப் பூமி பூஜைக்கு நல்ல நேரமும் புரோகிதரும் தேடுகின்றவர்கள், நடக்கின்றவனைத் தேடுவதில்லை.

சென்னைத் தியாகராய நகரின் பாண்டி பஜாரையே எடுத்துக் கொள்வோம். 1920-களில் ஜஸ்டிஸ் கட்சி ஆட்சியில் ஏரி நிலத்தில் உண்டாக்கப்பட்ட நகரம் அது. அக்கடைவீதிக்குச் சௌந்திரபாண்டியனார் அங்காடி என்று பெயர். அவர் யார்? 1929-ல் செங்கல்பட்டில் கூடிய முதலாவது மாகாண சுயமரியாதை மகாநாட்டின் தலைவர். இராமநாதபுரம் ஜில்லா போர்டின் தலைவராயிருந்தபோது, ஆதிதிராவிடர்களை ஏற்ற மறுக்கும் பஸ்களின் லைசென்சு ரத்தாகும் என்று உத்திரவு போட்டவர். பொதுஜனங்களின் வரிப்பணத்தால் போட்ட ரோட்டில் ஓடும் வண்டி ஒரு சிலருக்கு மாத்திரம் என்பது அக்கிரமம் என்பதே அவ்வுத்திரவின் சாரம். அதற்கு முன் 1924-ல் வைக்கத்தில் கிளர்ச்சி நடந்ததும் கோவிலுக்குள் போவதற்கல்ல. கோவிலைச் சுற்றிய ரோட்டில் நடப்பதற்கேயாகும். ஆகவே ரோட்டுச் சங்கதி என்ஜினீயர்களின் சங்கதி, நமக்கென்ன என்று நாம் இருந்துவிட முடியாது.

அந்தப் பாண்டி பஜாரில் 2013-ல் பிளாட்பாரக் கடைக்காரர்களை ஒரு மாடிக் கட்டிடத்திற்குள் ஏற்றினார்கள். போகிற போக்கில் வாங்குகின்றவனை நம்பிப் பிழைப்பவனை மாடிக்கு ஏற்றுவது, மீனைக் கரையேற்றிக் காப்பாற்றுவது போன்றதாகும். பிறகு 2019-ல் நடைபாதையை அகலப்படுத்தி, நடப்பவர்கள் தாராளமாய் நடக்கும்படி அவ்வீதியைத் திருத்தினார்கள். அது நல்ல காரியமே, மனமாரப் பாராட்டுகிறோம். ஆனால், அகலமான நடைபாதை உலாவ வருகின்றவனுக்கு மாத்திரமா, அங்கே உழைத்துச் சாப்பிடுகின்றவனுக்குமா என்பதே நமது கேள்வி.

கார் வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்று பெரிய கடை முதலாளிகள் புலம்புவதுண்டு. காரா கடைக்குள் நுழைந்து சேலை வாங்குகிறது? ஒரு காரை நிறுத்த இரண்டரை மீட்டர் அகலமும் ஐந்து மீட்டர் நீளமும் வேண்டும். அந்த இடத்தில் நாலைந்து குடும்பங்கள் கடை போட்டுக் கஞ்சி குடிக்கலாம். நாளெல்லாம் தூங்கும் காருக்கு அவ்விடம் உரிமையாம். கூடைக்காரி உட்கார்ந்தால் ஆக்கிரமிப்பாம்!

இன்னொரு வேடிக்கை. கூடைக்காரியை விரட்டும் அதிகாரி, நடைபாதையில் ஒரு கல்லை நட்டு மஞ்சள் பூசிவிட்டால் கிட்டே போக நடுங்குகிறார். கல் சந்நிதியாகிறது, சந்நிதிக்குக் கூரை வருகிறது, பிறகு உண்டியல் வருகிறது, ரோடுதான் வளைந்து போகிறது. பொதுத் தெருக்களில் அனுமதியின்றிக் கோவிலோ, மசூதியோ, சர்ச்சோ கட்டக்கூடாதென்று 2009-ல் சுப்ரீம் கோர்ட்டே உத்திரவிட்டிருக்கிறது. கடவுளுக்கு இல்லாத இடமா என்பார்கள். எங்கும் நிறைந்தவருக்குப் பிளாட்பாரத்தில் மூன்றடி எதற்கு?

சட்டம் இல்லாமலுமில்லை. 2014-ல் செய்யப்பட்ட தெரு வியாபாரிகள் சட்டப்படி, ஊர்க் கமிட்டியில் நூற்றுக்கு 40-க்குக் குறையாமல் வியாபாரிகள் தேர்ந்தெடுத்த பிரதிநிதிகள் இருக்க வேண்டும். அவர்களில் மூன்றிலொரு பங்கு பெண்கள். கணக்கெடுத்துச் சீட்டுக் கொடுத்து முடியுமுன் யாரையும் கிளப்பவும் கூடாது. எந்த ஊரிலாவது ரோட்டைத் திருத்தும் திட்டம் வந்தால், தோழர்கள் முதலில் முனிசிபாலிடிக்குப் போய் இக்கமிட்டி இருக்கின்றதா, கூடியதா, பூக்காரியும் பழக்காரியும் அதில் நாற்காலி போட்டு உட்கார்ந்தார்களா என்று கேட்க வேண்டும். திட்டத்தின் படத்தைத் தமிழில் எழுதி அந்தத் தெருமுனையிலேயே ஒட்டச் சொல்ல வேண்டும். காண்ட்ராக்டு கொடுத்த பிறகல்ல, அதற்கு முன்னால்.