அப்பாருக்குச் சீமை வைத்தியம்! ஆத்தாளுக்குத் திருநீறா?

நமது சேலம், நாமக்கல் சமவெளியில் கொஞ்சகாலமாக ஒரு புதுப்பேச்சு கிளம்பியிருக்கிறது. அதாவது, வீட்டிலே வயதான தகப்பனாருக்குக் காயலா என்றால், "சிங்கப்பூருக்கு அழைத்துப்போகலாமா, அமெரிக்காவுக்கு அழைத்துப்போகலாமா?" என்று பேசிக்கொள்ளுகிறார்கள். லாரியிலும், ரிக் வண்டியிலும், கோழிப்பண்ணையிலும், ஜவ்வரிசி ஆலையிலும் நாலு காசு பார்த்தவர்கள் இங்கே அநேகர். பிள்ளை ஒருவன் அயல்நாட்டில் உத்தியோகத்தில் இருந்துவிட்டால் கேட்கவே வேண்டியதில்லை. ஆகவே இதைப்பற்றி நாம் சிறிது விவகரிப்பது அவசியம் என்று கருதுகிறோம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறோம். வைத்தியத்துக்காகக் கடல் கடந்து போவதில் நமக்கு எவ்வித ஆட்சேபணையும் இல்லை. கடல் தாண்டினால் தீட்டு என்று சாஸ்திரம் காட்டிப் பயமுறுத்திய காலம் ஒன்று இருந்தது. அந்தப் பயம் ஒழிந்ததில் நமக்குப் பூரண திருப்தியே. அறிவு எங்கே இருக்கிறதோ அங்கே போய் அதை வாங்கிக்கொள்ளுவது மனிதனுக்கு அழகு. நாம் கேட்பதெல்லாம், போகிறவர்கள் அறிவைத் தேடிப் போகிறார்களா, அல்லது பெருமையைத் தேடிப் போகிறார்களா என்பதே.

சீமை வைத்தியம் என்றவுடன் நம் மக்களுக்கு இரண்டு பெயர்கள் ஞாபகத்திற்கு வரும். 1944ஆம் ஆண்டு ஆகஸ்டில் இதே சேலத்தில் நடந்த மகாநாட்டில் கட்சிக்குத் திராவிடர் கழகம் என்று பெயர் மாற்றிய தீர்மானத்தைக் கொண்டுவந்த அண்ணாதுரை அவர்கள், முதலமைச்சராக இருந்தபோது உணவுக்குழாயில் புற்றுநோய் கண்டு, 1968 செப்டம்பரில் நியூயார்க் சென்று அறுவை சிகிச்சை செய்துகொண்டார். திரும்பி வந்தும் நோய் விடவில்லை. 1969 பிப்ரவரி 3இல் சென்னை அடையாறு புற்றுநோய் ஆஸ்பத்திரியில் காலமானார். அப்போது அவருக்கு வயது 59. அடுத்து, எம்.ஜி. இராமச்சந்திரன் அவர்கள் 1984 நவம்பரில் தம் 67ஆம் வயதில் நியூயார்க்கின் புரூக்ளின் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகப்பட்டு, டிசம்பரில் மாற்றுச் சிறுநீரகம் பொருத்தப்பெற்று, 1985 பிப்ரவரியில் திரும்பினார். அதன்பின் 1987 டிசம்பர் 24 வரை முதலமைச்சராகவே இருந்தார்.

ஒருவருக்குச் சீமை வைத்தியம் முழுப்பலன் தரவில்லை. மற்றவருக்கு ஏறக்குறைய மூன்று ஆண்டுகளைத் தந்தது. இரண்டையும் பார்த்தவன் சீமை டாக்டரைக் கடவுளாக்கவும் மாட்டான், மோசக்காரனாக்கவும் மாட்டான். நோய் எந்தக் கட்டத்தில் பிடிபட்டது என்பதுதான் பெரும்பாலும் முடிவைத் தீர்மானிக்கிறது. அன்றியும் அவர்கள் இருவரும் முதலமைச்சர்கள். டாக்டர்கள் கூடவே சென்றார்கள். திரும்பி வந்த பிறகும் பக்கத்திலேயே இருந்தார்கள். பரமத்தி வேலூர்க் குடியானவனுக்கு அப்படி யார் இருக்கிறார்கள்?

நிற்க, வடஆர்க்காட்டு வேலூரின் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியிலேயே 1961இல் இருதயத்தைத் திறந்து அறுவை செய்தார்கள். 1971இல் மாற்றுச் சிறுநீரகமும் பொருத்திவிட்டார்கள். பெரியார் அவர்கள் தமது முதுமையில் மூத்திரக் குழாயைச் சுமந்துகொண்டே ஊர் ஊராகப் பேசினார்கள். அவர்கள் வைத்தியத்துக்கு நாடியதும், 1973 டிசம்பர் 24இல் தமது 94ஆம் வயதில் கண் மூடியதும் அந்த வேலூரில்தான். கடவுள் இல்லை என்றவர் கிறிஸ்தவ ஆஸ்பத்திரியில் படுக்கலாமா என்று கேட்ட புத்திசாலிகளும் உண்டு. ஆஸ்பத்திரியின் யோக்கியதையை அதன் வாசல் பலகையில் பார்ப்பதா, அது செய்கிற வேலையில் பார்ப்பதா? இன்றைக்கும் வங்காள தேசத்திலிருந்து நோயாளிகள் அந்த ஊருக்கு வந்தவண்ணம் இருக்கிறார்கள். அவர்களுக்கு நமது வேலூரே சீமை!

இனி விஷயத்துக்கு வருவோம். முதியவர்களுடைய நோய் எப்படிப்பட்டது? வாலிபனுக்கு ஒரு நோய் வந்தால் அது பெரும்பாலும் ஒரே நோய். எழுபது வயதுக்காரருக்கு இரத்தக் கொதிப்பு, சர்க்கரை, மூட்டுவலி, கண் புரை, காது மந்தம், மறதி என்று நாலைந்து ஒன்றாகவே வரும். நாலு டாக்டர்கள் நாலு சீட்டில் எழுதிய பன்னிரண்டு மாத்திரைகள் ஒன்றோடொன்று மோதிக்கொண்டு, அதனாலேயே தலை சுற்றிக் கீழே விழுவாரும் உண்டு. இதையெல்லாம் ஒரே ஆளாக இருந்து பார்த்து, எது வேண்டும், எது வேண்டாம் என்று கழித்துக் கட்டுவதற்குத்தான் முதியோர் மருத்துவம் என்று ஒரு தனிப்படிப்பே இருக்கிறது. அந்தப் படிப்புக்கு அமெரிக்கா போகவேண்டியதில்லை. சென்னை அரசாங்கப் பொது ஆஸ்பத்திரியில் 1978இலேயே டாக்டர் வி.எஸ். நடராசன் அவர்கள் முதியோருக்கென்று தனிப் பிரிவு தொடங்கினார். 1996இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் அதற்குப் பட்டமேற்படிப்பும் வந்தது. 2024இல் கிண்டியில் முதியோருக்கென்றே ஒரு தேசிய ஆஸ்பத்திரியும் திறந்தாகிவிட்டது. நம்மவர்களில் எத்தனை பேருக்கு இந்தச் சங்கதி தெரியும்?

மற்றொன்று, முதியவர்களைக் கொல்லுகிற பெரிய ஆபத்துகள் விமான டிக்கெட்டுக்காகக் காத்திருப்பவை அல்ல. மூளைக்குப் போகும் இரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால், முகம் கோணும், கை துவளும், பேச்சுக் குழறும். கட்டியைக் கரைக்கும் ஊசியை ஏறக்குறைய நாலரை மணி நேரத்துக்குள் போட்டாகவேண்டும். இடுப்பெலும்பு முறிந்தால் இரண்டொரு நாளுக்குள் அறுவை செய்வது நல்லது. தள்ளத் தள்ளப் படுக்கைப் புண்ணும் நுரையீரல் சளியும் வந்து ஆளையே கொண்டுபோய்விடும். கொல்லிமலை மேலே இருக்கும் கிழவருக்குச் சிங்கப்பூர் எத்தனை மணி நேரம் என்பதா கேள்வி? நாமக்கல் எத்தனை மணி நேரம், சேலம் எத்தனை மணி நேரம், 108 வண்டி எப்போது வரும் என்பதல்லவா கேள்வி!

பிரயாணத்தின் தீங்கையும் யோசிக்கவேண்டும். பல மணி நேரம் விமானத்தில் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால் முதியவர்களின் கால் நரம்பில் இரத்தம் உறைந்து, அது நுரையீரலுக்கு ஏறுவதுண்டு. பழக்கமில்லாத அறையில், பழக்கமில்லாத முகங்களுக்கு நடுவே படுக்கவைத்தால், அதுவரை தெளிவாக இருந்தவரும் இரவில் பிதற்றத் தொடங்குவார். இது டாக்டர்கள் நன்கு அறிந்த விஷயம். "நெஞ்சு கரிக்குது, அடிவயிறு இழுத்துப் புடிக்குது" என்று மல்லசமுத்திரத்துப் பேச்சில் சொல்வதை மொழிபெயர்ப்பாளர் என்னவென்று சொல்லுவாரோ தெரியாது. பிரயாண இன்ஷ்யூரன்சோ, ஏற்கெனவே உள்ள நோய்க்குப் பெரும்பாலும் பணம் தராது. எல்லாம் முடிந்து திரும்பி வந்தபின், தையல் பிரிப்பதற்கும், மருந்தின் அளவைக் கூட்டிக் குறைப்பதற்கும் சேலத்து டாக்டரிடந்தான் போய் நிற்கவேண்டும்.

ஆகவே சீமைக்குப் போக நினைக்கிறவர்கள் முன்கூட்டியே சில கேள்விகளைக் கேட்டுக்கொள்ளட்டும். அந்த வைத்தியம் சேலத்திலும், கோயமுத்தூரிலும், வேலூரிலும், சென்னையிலும் நிச்சயமாக இல்லையா? இல்லை என்று சொன்ன டாக்டர் இருவராவது உண்டா? அதனால் ஆயுள் எவ்வளவு கூடும், அந்த ஆயுளில் நோயாளி எழுந்து நடப்பாரா? திரும்பிய பின் யார் பார்ப்பார்கள்? எல்லாவற்றுக்கும் மேலாக, நோயாளியை ஒரு வார்த்தை கேட்டீர்களா? இவ்வளவுக்கும் தக்க பதில் இருந்தால் தாராளமாகப் போகட்டும்; நாமே வழியனுப்ப வருகிறோம். இல்லையென்றால், நிலத்தை விற்று ஊராரிடம் பெயர் வாங்குவதற்குத் தகப்பனாரின் உடம்பைக் கருவியாக்குகிறார்கள் என்றே சொல்லுவோம்.

இப்போது நாம் முக்கியமாகச் சொல்லவந்ததைச் சொல்லுகிறோம். இப்படிப்பட்ட வீடு ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அப்பாருக்கு இருதய வலி. மகன்கள் மூவரும் கூடிச் சிங்கப்பூர் போகத் திட்டம் போடுகிறார்கள். அதே வீட்டுத் திண்ணையில் ஆத்தாள் உட்கார்ந்திருக்கிறாள். கண்ணில் புரை விழுந்து இரண்டு வருஷம் ஆயிற்று. பேரன் முகம் தெரியவில்லை. அவளைச் சேலம் வரையில்கூட யாரும் அழைத்துப்போகவில்லை. கேட்டால், "வயசானா அப்படித்தானுங்க" என்பார்கள். கால் வீங்கினால் மாரியம்மன் கோயில் வேப்பிலை. தூக்கம் வராவிட்டால் நெற்றியில் திருநீறு. புரைக்கு அறுவை சில நிமிஷ வேலை. 1976இல் மதுரையில் 58 வயதில் ஓய்வுபெற்ற டாக்டர் வெங்கடசாமி, வாதத்தால் விரல்கள் கோணிய கையோடு, பதினோரு படுக்கைகளைப் போட்டு அரவிந்த் கண் ஆஸ்பத்திரியைத் தொடங்கி, ஏழைகளுக்கு இலவசமாகவே இதைச் செய்துகாட்டினார். அப்பாருக்கு வயதானால் நோய். ஆத்தாளுக்கு வயதானால் விதி! காட்டிலும் களத்திலும் சரிபாதிக்கு மேல் உழைத்தவள், சொத்து அவள் பெயரில் இல்லாததால், வைத்தியத்திலும் கடைசிப் பந்தியில் உட்காரவேண்டுமா? பெண்ணுக்குச் சொத்துரிமை வேண்டுமென்று நாம் சொல்லுவது இதற்குந்தான்.

தென் மாவட்டங்களில் சில இடங்களில் படுத்த முதியவர்களுக்கு எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, இளநீர் கொடுத்துச் சாகவிடும் தலைக்கூத்தல் என்ற கொடுமை நடந்ததாகப் பத்திரிகைகளில் வந்ததுண்டு. அதைக் கேட்டு நாம் திடுக்கிடுகிறோம். ஆனால் குணமாக்கக்கூடிய நோயை "விதி" என்று சொல்லித் திண்ணையில் விட்டுவைப்பது அதற்கு எவ்வளவு தூரம்?

விதியைச் சொல்லுகிறவர்களே சீமைக்குப் புறப்படும்போது ஜாதகமும் பார்க்கிறார்கள். "இப்போது கண்டம், அஷ்டமச் சனி கழியட்டும்" என்று அறுவையைத் தள்ளுகிறார்கள். விமானக் கம்பெனிக்காரன் இராகுகாலம் பார்த்தா விமானம் விடுகிறான்? உறைந்த இரத்தம் நல்ல நாள் பார்த்தா மூளைக்கு ஏறுகிறது?

இனி செய்யவேண்டியது என்ன? 2007ஆம் வருஷத்துப் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் சட்டம் ஒன்று இருக்கிறது. அதன் 20ஆவது பிரிவு, அரசாங்க ஆஸ்பத்திரிகளில் முதியோருக்குத் தனி வரிசை வேண்டும் என்றும், ஒவ்வொரு மாவட்ட ஆஸ்பத்திரியிலும் முதியோர் வைத்தியத்தில் அனுபவமுள்ள டாக்டரின் தலைமையில் தனி வசதி வேண்டும் என்றும் சொல்லுகிறது. சேலத்தில் 1986 முதல் அரசாங்க மருத்துவக் கல்லூரி இருக்கிறது. நாமக்கல்லுக்கும் 2022இல் ஒன்று வந்துவிட்டது. கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின்படி, கொதிப்புக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை வீட்டுக்கே வரும். நமது தோழர்கள் ஊருக்கு நாலு பேராகச் சேர்ந்து, சட்டத்தில் உள்ள தனிவரிசையும், தனி டாக்டரும், படுக்கையும் தங்கள் ஆஸ்பத்திரியில் இருக்கின்றனவா என்று நேரில் போய்ப் பார்க்கட்டும். இல்லையானால் மனுக் கொடுக்கட்டும். கொடுத்த மனு என்னவாயிற்று என்று மறுமாதம் போய்க் கேட்கட்டும். இது பிச்சையல்ல, உரிமை.

ஒரு பணக்காரக் கிழவர் விமானம் ஏறுவதால் ஊருக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. நாமக்கல் ஆஸ்பத்திரியில் முதியோருக்கு ஒரு நல்ல டாக்டர் உட்கார்ந்தால், ஆயிரம் அப்பாருகளும் ஆயிரம் ஆத்தாள்களும் பிழைப்பார்கள். தோழர்களே! இதைப் படித்து முடித்ததும் வேறெங்கும் போகவேண்டாம். உங்கள் வீட்டுத் திண்ணைக்குப் போய், "ஆத்தா, கண்ணு தெரியுதா?" என்று கேளுங்கள். தெரியவில்லை என்றால் நாளைக் காலையிலேயே பஸ் ஏற்றுங்கள்.