டிக்கெட்டுக்கு மட்டும் வயது கேட்கிறார்கள்: மாவட்ட ஆட்சியருக்கு ஒரு திறந்த மடல்

பெருமதிப்பிற்குரிய மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

திங்கட்கிழமை குறைதீர்க்கும் கூட்டத்தில் வரிசையில் நின்று கொடுத்த மனுவும், பிறகு பதிவுத் தபாலில் அனுப்பிய நினைவூட்டல்களும் தங்கள் மேசைவரை வந்ததாகத் தெரியவில்லை. அதனால்தான் இதை ஊரறிய எழுதுகிறேன். 'ஏ' சான்றிதழ் பெற்ற படத்துக்கு யாரை விடலாம், யாரை விடக்கூடாது, விட்டால் என்ன தண்டனை என்பதையெல்லாம் தங்களுக்கு எழுதிக் காட்டுவது கொல்லன் தெருவில் ஊசி விற்கிற வேலை. திரையரங்குக்கு உரிமம் தருவதும் புதுப்பிப்பதும் நிறுத்திவைப்பதும் தாங்கள்தான். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகும் தங்கள் கையில்தான் இருக்கிறது. எனவே சட்டத்தைத் தங்களிடமே விட்டுவிட்டு, நடந்ததை மட்டும் சொல்கிறேன்.

ஒரு விடுமுறை நாள், நம் நகரத்துத் திரையரங்கு ஒன்றில் ஃபர்ஸ்ட் ஷோ. படம் 'ஏ'. பெயரைச் சொன்னால் பேச்சு ரசிகர் சண்டையாகத் திசை மாறிவிடும். அதனால் பெயர் வேண்டாம். வாசலில் எனக்கு முன்னால் ஒருவர் தன் மகனைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றார். டிக்கெட் ஒன்றுதான் வைத்திருந்தார்.

"பையனுக்கு?" என்றார் டிக்கெட் கிழிப்பவர்.

"மடியில வெச்சுக்குவேங்க."

"மூணு வயசு தாண்டிடுச்சுல்ல? ஸ்கூல் போறான்ல?"

அப்பா பதில் சொல்வதற்குள் பையனே முந்திக்கொண்டான். "நான் ரெண்டாங் கிளாஸ்." பள்ளிக்கூடத்தில் கேட்டால் சொல்வதுபோல நிமிர்ந்து நின்று சொன்னான்.

"ரெண்டாங் கிளாஸாம். போய் இன்னொரு டிக்கெட் எடுத்துட்டு வாங்க."

அவர் திரும்பிப் போய் முழு டிக்கெட் எடுத்துவந்தார். பையன் உள்ளே அனுமதிக்கப்பட்டான். கவனியுங்கள் ஐயா, அந்த வாசலில் வயது விசாரிக்கப்படாமல் இல்லை. படிக்கிற வகுப்புவரை தெளிவாகக் கேட்டுத் தெரிந்துகொண்டார்கள். ஏழு வயதுப் பிள்ளை என்று உறுதியான பிறகுதான் விட்டார்கள். அவர்களுக்கு வேண்டிய வயது மூன்று. பதினெட்டைப் பற்றி யாரும் அவர்களிடம் கேட்டதில்லை, தாங்கள் உட்பட.

எனக்குப் பக்கத்து இருக்கைதான் அவர்களுடையது. விளக்கணைந்து சான்றிதழ் திரையில் வந்தபோது அந்த 'ஏ' எழுத்துக்கே விசில் பறந்தது. முதல் கால் மணி நேரம் பையனுக்குக் கொண்டாட்டம். ஹீரோ வரும்போது இருக்கைமேல் ஏறி நின்று கத்தினான். பிறகு வெட்டு ஆரம்பித்தது. பையன் கண்ணை மூடவில்லை, காதைத்தான் பொத்தினான். எலும்பு உடைகிற சத்தத்தை நாலு பக்க ஸ்பீக்கரிலும் விட்டு, அதை நெஞ்சுக்கூட்டில் உணர வைப்பதற்குத்தானே இன்றைக்கு இவ்வளவு செலவு செய்கிறார்கள்? பெரியவனான எனக்கே வயிற்றைப் பிசைந்தது. "ஒண்ணுமில்லடா, எல்லாம் கலர் தண்ணி" என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார். "அந்த அண்ணன் எப்பப்பா எந்திரிப்பாரு?" என்று பையன் கேட்டுக்கொண்டே இருந்தான்.

இடைவேளையில் மேலாளரைத் தேடிப் போனேன். பணிவாகத்தான் கேட்டேன். அவர் சொன்னது: "அப்பனே கூட்டிட்டு வந்திருக்கான், உங்களுக்கு என்ன சார்? உங்க கலெக்டர் ஆபீஸ் ஆளுங்களே பிள்ளைகுட்டியோட பாஸ்ல வந்துட்டுப் போறாங்க. அங்க போய்க் கேளுங்க."

இரண்டாம் பாதியில் பையன் இருக்கையைவிட்டு இறங்கி, திரைக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, படிக்கட்டு ஓரம் தரையில் உட்கார்ந்துவிட்டான். டார்ச்சோடு ஊழியர் ஒருவர் வந்தார். வெளிச்சத்தை நேராகப் பையன் முகத்தில் அடித்தார். அப்பாடா, யாரோ ஒருவருக்காவது உறைத்தது என்று நினைத்தேன். அவர் அப்பாவிடம் குனிந்து சொன்னார்: "வழியில உக்கார வெக்காதீங்க, ஆளுங்க நடக்கணும். சீட்ல தூக்கி வைங்க."

சீட்டில் தூக்கி வைத்தார்கள். முகம் திரையைப் பார்த்தபடி.

படம் முடிந்து வெளியே வரும்போது அந்த அப்பாவிடம் பேசினேன். அவரைக் குற்றவாளியாக்குவதற்காக இதைச் சொல்லவில்லை. அந்த ஹீரோவின் முகம் மகனுடைய நோட்டு அட்டையில் இருக்கிறது, தெருமுனை கட்அவுட்டில் இருக்கிறது. சுவரொட்டியில் தலைப்பை நாலடியில் போட்டவர்கள், 'ஏ'யைத் தேடிக் கண்டுபிடிக்கிற அளவில் மூலையில் ஒட்டியிருந்தார்கள். "சின்னப் பசங்க படம் இல்லைன்னு தெரிஞ்சிருந்தா நான் ஏங்க கூட்டிட்டு வரப்போறேன்? அப்படின்னா இவனுக்கு எப்படி டிக்கெட் குடுத்தாங்க?" என்றார்.

அந்தக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. தங்களிடம் இருக்க வேண்டும். தன் பிள்ளைக்கு இந்தப் படம் ஆகுமா ஆகாதா என்று முடிவெடுக்க அந்த மனிதருக்குக் கிடைத்த ஒரே தகவல், பையன் பெயரில் அவரிடம் விற்கப்பட்ட அந்த டிக்கெட்தான். அரசு உரிமம் பெற்ற இடத்தில் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடுகிறார்கள் என்றால் தப்பாக இருக்காது என்று அவர் நம்பினார். ஐயா, அவர் நம்பியது திரையரங்கை அல்ல, தங்களை.

இதையெல்லாம் தேதி, காட்சி நேரம், இருக்கை எண்ணோடு மனுவாக எழுதிக் கொடுத்தேன். மனு தாசில்தாருக்குப் போனது. தாசில்தார் அலுவலகம் விளக்கம் கேட்டு அதைத் திரையரங்குக்கே அனுப்பியது. திரையரங்கு, 'எங்கள் அரங்கில் விதிகள் முறையாகப் பின்பற்றப்படுகின்றன' என்று கடிதம் கொடுத்தது. கூடவே அறிவிப்புப் பலகையின் புகைப்படம். பெயின்ட் பளபளக்கிற புத்தம் புதுப் பலகை. பாப்கார்ன் இயந்திரத்துக்குப் பின்னால் மாட்டியிருந்தது. அந்தக் கடிதத்தின் நகல்தான் எனக்கு வந்த அரசுப் பதில். கூடவே கைபேசிக்கு, தங்கள் மனுமீது உரிய நடவடிக்கை எடுக்கப்பட்டு முடித்து வைக்கப்பட்டது என்று குறுஞ்செய்தி. திருடனிடமே 'திருடினாயா?' என்று எழுதிக் கேட்டு, அவன் 'இல்லை' என்று எழுதிக் கொடுத்ததும் கோப்பை மூடுகிற இந்த நிர்வாகத் திறமையை எந்தப் பயிற்சிக் கல்லூரியில் சொல்லித் தருகிறார்கள்? தங்கள் அலுவலக ஊழியர்கள் பாஸில் வருவதாக மேலாளர் சொன்னதையும் மனுவில் எழுதியிருந்தேன். அது பொய்யாக இருக்கட்டும் என்றுதான் இன்னும் விரும்புகிறேன். ஆனால் பொய் என்று மறுக்கக்கூட யாருக்கும் நேரமில்லை.

'பெற்றோர் பொறுப்பு' என்று தங்கள் அலுவலகத்தில் ஒருவர் வாய்மொழியாகச் சொன்னார். பெற்றோர் பொறுப்பில் விட்ட படங்கள் தனியாக இருக்கின்றன. அதற்குத்தான் யு/ஏ. அதிலும் ஏழு வயதுப் பிள்ளையும் பதினாறு வயதுப் பையனும் ஒன்றல்ல என்று உணர்ந்து, 2023 சட்டத் திருத்தத்தில் 7, 13, 16 என்று மூன்றாகப் பிரித்தார்கள். அங்கே அப்பாவும் அம்மாவும் யோசிக்கட்டும், வீட்டில் சண்டை போடட்டும், முடிவெடுக்கட்டும். அதற்கும்கூட அவர்களுக்கு விவரம் வேண்டும். வீட்டில் ஓடிடியில் படம் போட்டால் வயதோடு, வன்முறையா, கெட்ட வார்த்தையா என்ற காரணமும் தொடக்கத்திலேயே வந்துவிடுகிறது. திரையரங்கிலோ காசு கொடுத்து, உட்கார்ந்து, விளக்கணைந்த பிறகு ஓர் எழுத்து வந்து போகிறது. 'ஏ' படத்தில் பெற்றோர் முடிவெடுக்க ஒன்றுமே இல்லை. முடிவு ஏற்கெனவே எடுக்கப்பட்டுவிட்டது. அதை வாசலில் சொல்ல ஆள் இல்லை, அவ்வளவுதான்.

'ஏ' படமே வேண்டாம் என்று சொல்கிற ஆள் நானில்லை. 'விடுதலை' 'ஏ' சான்றிதழோடுதான் வந்தது. அந்தப் படம் காட்டிய காவல் நிலைய வதையைப் பெரியவர்கள் பார்க்கத்தான் வேண்டும்; பிள்ளைகள் வளர்ந்த பிறகு பார்க்கட்டும். வாசலில் அந்த எழுத்துக்கு மரியாதை இருந்தால்தான் உள்ளே இயக்குநருக்குச் சுதந்திரம் இருக்கும். வாசல் திறந்தே கிடந்தால், 'குழந்தைகள் பார்க்கிறார்களே, வெட்டு' என்று நாளைக்குக் கத்தரியோடு கிளம்புவார்கள்.

இந்தச் சான்றிதழ் எழுத்து எப்போதெல்லாம் நம்மவர்களுக்குக் கண்ணில் படுகிறது தெரியுமா? கேளிக்கை வரிவிலக்கு இருந்த காலத்தில் பட்டது. 'யு' இருந்தால்தான் விலக்கு என்று 2011-இல் அரசு சொன்னதும், எழுத்தைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார்கள், காசு விஷயம். 2023 மார்ச் 30 அன்று மறுபடியும் பட்டது. 'பத்து தல' படத்துக்குக் கையில் டிக்கெட்டோடு வந்த நரிக்குறவர் குடும்பத்தைச் சென்னையில் ஒரு திரையரங்கு வாசலிலேயே நிறுத்தியது. அந்தக் காணொளி பரவி ஊரே கொதித்த பிறகு, படம் யு/ஏ, பன்னிரண்டு வயதுக்குக் கீழே உள்ள பிள்ளைகளை விட முடியாது என்று விளக்கம் சொன்னார்கள். பெற்றோரோடு வருகிற பிள்ளையை யு/ஏ தடுப்பதே இல்லை. பாசிமணி போட்ட பிள்ளைகள் வந்தால் இல்லாத விதி நினைவுக்கு வருகிறது. மற்ற நாட்களில் இருக்கிற விதியும் மறந்துபோகிறது.

2025 ஆகஸ்டில் 'கூலி' படம் 'ஏ' சான்றிதழோடு வெளியானது. அதை யு/ஏ ஆக்க வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனம் சென்னை உயர் நீதிமன்றம்வரை போனது. மனு தள்ளுபடியானது. பாவம், வீண் அலைச்சல். 'ஏ' என்றால் பிள்ளைகள் வர முடியாது, வசூல் குறையும் என்று நம்பித்தானே போனார்கள்? முன்கூட்டியே நம் மாவட்டத்துக்கு ஒரு நடை வந்து பார்த்திருந்தால் வக்கீல் செலவாவது மிச்சமாகியிருக்கும். 'ஏ' சான்றிதழை எதிர்த்து வழக்குப் போட்டவர்களுக்குக்கூடச் சட்டத்தின்மேல் நம்பிக்கை இருந்திருக்கிறது. அதைக் காப்பாற்றச் சம்பளம் வாங்குகிறவருக்குத்தான் இல்லை.

செய்ய முடியாது என்று மட்டும் சொல்லாதீர்கள். சிறப்புக் காட்சி எத்தனை, முதல் காட்சி எத்தனை மணிக்கு, கடைசிக் காட்சி எத்தனை மணிக்கு முடிகிறது என்று நிர்வாகம் கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு கணக்குப் பார்க்கிறது. ஐந்துக்கு மேல் ஆறாவது காட்சி ஓட்டினால் தெரிகிறது. ஆறு வயதுப் பிள்ளை உள்ளே போனால் மட்டும் தெரிவதில்லை. தீயணைப்புக் கருவி இருக்கிறதா, அவசர வழி இருக்கிறதா என்று பார்த்துத்தானே உரிமம் தருகிறீர்கள்? அந்த அவசர வழிப் படிக்கட்டு ஓரத்தில்தான் ஐயா அந்தப் பையன் உட்கார்ந்திருந்தான். வழியை அடைக்கிறான் என்பதற்காகத் தூக்கினார்கள். தங்கள் விதிமுறை அந்த ஒரு நொடியில் மட்டும் கச்சிதமாக வேலை செய்தது.

நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. மூன்று வயதா என்று கேட்கிற அதே ஆள், அதே வாசலில், அதே குரலில், பதினெட்டு ஆகிவிட்டதா என்றும் கேட்க வேண்டும். டிக்கெட் எடுத்துவிட்டு விவரம் தெரியாமல் பிள்ளையோடு வந்து நிற்கிற குடும்பத்துக்குப் பணத்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். சிங்கப்பூரில் நம் தமிழ்ப் படத்துக்கும் பதினாறு, பதினெட்டு என்று வயது பார்த்து விடுகிறார்கள். அங்கே வானம் இடிந்து விழவில்லை; படமும் ஓடத்தான் செய்கிறது. ஆய்வுக்கு வருவதாக இருந்தால் தயவுசெய்து முந்தின நாளே சொல்லி அனுப்பாதீர்கள், இன்னொரு பலகைக்கு பெயின்ட் அடித்துவிடுவார்கள். புகைப்படக்காரரும் வேண்டாம். டிக்கெட் எடுத்துக்கொண்டு, பிள்ளைகள் உட்கார்ந்திருக்கிற வரிசையாகப் பார்த்து உட்காருங்கள். படத்தைப் பார்க்க வேண்டாம், பக்கத்து இருக்கையைப் பாருங்கள். அதற்குப் பிறகும் 'பெற்றோர் பொறுப்பு' என்று சொல்ல வாய் வந்தால், எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். திரையரங்கின் கையெழுத்து எனக்கு எதற்கு?

பொங்கலுக்குப் பெரிய படங்கள் வருகின்றன. அன்றைக்கும் நான் அந்த வாசலில் நிற்பேன். 'ஏ' படத்துக்கு ஒரே ஒரு பிள்ளைக்கு டிக்கெட் கிழிக்கப்பட்டாலும் அடுத்து நான் எழுதப்போவது மடல் அல்ல, உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பொதுநல மனு. இந்த மடலில் தங்கள் பதவியை மேலே, 'பெருமதிப்பிற்குரிய' என்ற சொல்லோடு எழுதியிருக்கிறேன். அந்த மனுவில் அது எதிர்மனுதாரர் வரிசையில், எண் ஒன்றாக வரும்.

இப்படிக்கு,
தங்கள் மாவட்டத்துக் குடிமகன்