அண்ணன் தம்பிக்குள் கணக்கு எதற்கு?

“அண்ணன் தம்பிக்குள் கணக்கு எதற்கு?”

விவசாயக் குடும்பங்கள் பலவற்றில் இப்படிச் சொல்வது உண்டு. கேட்க இனிமையாக இருக்கும். ஆனால் பல குடும்பங்களைப் பிரித்தது இந்தப் பேச்சுதான்!

அண்ணன் ஊரில் இருந்து வயலைப் பார்க்கிறார். தம்பி பட்டணத்தில் வேலை பார்த்து, விதைக்கும் உரத்துக்கும் பணம் அனுப்புகிறார். அறுவடை முடிகிறது.

“பணம் போட்டவன் நான்” என்று தம்பி நினைக்கிறார். “வெயிலில் காய்ந்தவன் நான்” என்று அண்ணன் நினைக்கிறார். இருவரும் வாய் திறப்பது இல்லை. மனக்கசப்பு வளர்கிறது.

ஒரு நோட்டு போதும்

இதற்கு மருந்து ஒரு சிறு நோட்டுப் புத்தகம்.

உழவு, விதை, உரம், நடவு, அறுப்பு எல்லாச் செலவையும் அதில் எழுத வேண்டும். வீட்டு ஆட்களின் உழைப்புக்கும் கூலி போட்டு எழுத வேண்டும். களை எடுத்து, மாடு கறக்கும் மருமகளின் உழைப்பையும் மறக்கக் கூடாது. வெளி ஆள் செய்தால் கூலி உண்டு. வீட்டுப் பெண் செய்தால் அது வேலை இல்லையா?

வெள்ளாமை முடிந்ததும் எல்லாரும் உட்கார்ந்து, அந்தக் கணக்கைப் படிக்க வேண்டும்.

கிணற்றில் பங்கு

2015-16-ம் ஆண்டு வேளாண்மைக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஒரு விவசாயியின் சராசரி நிலம் 0.75 எக்டேர். அதாவது 2 ஏக்கர் கூட இல்லை. அதையும் கூறு போட்டால் என்ன மிஞ்சும்?

நிலத்தைப் பிரித்தாலும் கிணற்றைப் பிரிக்க முடியாது. எந்தக் கிழமை யார் தண்ணீர் பாய்ச்சுவது, மோட்டார் பழுதானால் யார் எவ்வளவு கொடுப்பது, வண்டிப் பாதை எது என்று முன்பே எழுதி வைப்பது நல்லது.

மகளுக்கும் உண்டு

“சீர் செய்தாயிற்று, பங்கு எதற்கு?” என்று மகளை ஒதுக்குவது தவறு. இந்துக் குடும்பங்களின் பூர்வீகச் சொத்தில் மகனுக்குச் சமமான உரிமை மகளுக்கும் உண்டு என்று 2005-ம் ஆண்டுச் சட்டத் திருத்தம் சொல்கிறது. அந்த உரிமை பிறப்பிலேயே வருவது என்று 2020-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புக் கூறியது. கலியாணம் ஆனாலும் அது போகாது.

இதை எல்லாம் பேச வேண்டியவர் தந்தை. பேச வேண்டிய காலம், அவர் நல்லபடி நடமாடும் காலம். அவர் கண் மூடிய பிறகு பேசினால், பேச்சு கோர்ட்டில்தான் முடியும். வக்கீலுக்குக் கொடுக்க நிலத்தையே விற்க நேரும்.

கணக்கு எழுதுவது சந்தேகத்தால் அல்ல. சந்தேகம் வராமல் இருப்பதற்கே கணக்கு!