இணையத்தில் வரும் வரன்: விசாரிப்பது கடமை, மறைப்பது ஆபத்து



முன்பெல்லாம் ஒரு வரன் வந்தால், அந்த ஊரில் நமக்குத் தெரிந்தவர் ஒருவராவது இருப்பார். பள்ளிவாசல் இமாமிடம் கேட்போம். ஜமாஅத் தலைவரிடம் கேட்போம். சபூரில் உடன் வேலை பார்த்தவரிடம் கேட்போம். இன்று வரன் கைப்பேசியில் வருகிறது. திருமணத் தகவல் தளங்கள், வாட்ஸ்அப் நிகாஹ் குழுக்கள், இன்ஸ்டாகிராம், பெற்றோர் பெயரே கேள்விப்படாத அறிமுகச் செயலிகள் என்று வழிகள் பெருகிவிட்டன. கணவனை இழந்தோர், மணவிலக்குப் பெற்றோர், வயது கடந்தும் கைக்கூலிக் கொடுமையால் மணமாகாதிருப்போர் ஆகியோருக்கு இவ்வழி உதவியதும் உண்டு. எனவே இதனை முற்றாக இகழ்ந்து ஒதுக்குவதில் பயனில்லை. ஆயினும், அந்தப் பழைய விசாரணையைச் செய்யும் ஆள் இன்று யார் என்ற கேள்விக்கு நாம் விடை காணவில்லை. அதுவே என் கவலை.

விசாரணை புறம் பேசுதல் ஆகாது

"பிறர் குறையைத் துருவக் கூடாது" என்று சிலர் தயங்குகின்றனர். ஃபாத்திமா பின்த் கைஸ் (ரலி) அவர்களை முஆவியா (ரலி), அபூ ஜஹ்ம் (ரலி) ஆகிய இருவரும் பெண் கேட்டனர். அவர் நபி (ஸல்) அவர்களிடம் ஆலோசனை கேட்டார். அண்ணலார், ஒருவர் தோளிலிருந்து கைத்தடியை இறக்காதவர் என்றும், மற்றவர் பொருளற்ற ஏழை என்றும் வெளிப்படையாகச் சொல்லி, உஸாமா (ரலி) அவர்களை மணக்கும்படி அறிவுறுத்தினார்கள். இச்செய்தி ஸஹீஹ் முஸ்லிமில் இடம்பெற்றுள்ளது. திருமண ஆலோசனையில் உண்மைக் குறையைச் சொல்வது புறம் பேசுவதில் சேராது என்று இமாம் நவவீ (ரஹ்) அவர்கள் விளக்கியுள்ளார்கள். கேட்பவருக்கு உரிமை உண்டு. கேட்கப்பட்டவருக்கு மறைக்காமல் சொல்லும் அமானிதம் உண்டு.

ஒருவருக்காகச் சான்று சொல்ல வந்தவரிடம் உமர் (ரலி) அவர்கள் கேட்டதாக அறிவிக்கப்படும் மூன்று கேள்விகளும் நமக்கு வழிகாட்டி. நீர் அவருடைய அண்டை வீட்டாரா? அவரோடு பயணம் செய்திருக்கிறீரா? அவரோடு பணம் கொடுத்து வாங்கியிருக்கிறீரா? மூன்றுக்கும் இல்லையென்றபோது, அவர் தொழுவதைப் பார்த்திருப்பீர், அவரை நீர் அறியமாட்டீர் என்று சொல்லிவிட்டார்கள். முகப்புப் படத்தில் கஅபாவும் சுயவிவரத்தில் வசனமும் இருப்பதைக் கண்டு நம்பிவிடும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்க வேண்டும். அண்டை வீட்டார், உடன் பணிபுரிந்தவர், கொடுக்கல் வாங்கல் செய்தவர் ஆகிய மூவரிடமும் கேட்காத வரை வரனைப் பற்றி நமக்கு ஒன்றும் தெரியாது.

ஏமாற்றுவோரின் வழிமுறை

மோசடிகள் பலவானாலும் போக்கு ஒன்றே. வேறொருவரின் படத்தை வைத்துக் கணக்குத் தொடங்குவர். வெளிநாட்டில் உயர்ந்த வேலை என்பர். தளத்தை விட்டு வாட்ஸ்அப்புக்கு வரும்படி அவசரப்படுத்துவர். சில நாள்களிலேயே திருமணப் பேச்சு. காணொளி அழைப்புக்கு மட்டும் ஏதேனும் சாக்கு. பிறகு, விலையுயர்ந்த பரிசு அனுப்பியிருப்பதாகச் சொல்வர். சுங்கத்துறை அதிகாரி என்று மற்றொருவர் அழைத்து, வரி கட்டினால்தான் பொட்டலம் விடுவிக்கப்படும் என்பார். தனியார் வங்கிக் கணக்கில் பணம் போடும்படி சுங்கத்துறை தொலைபேசியில் கேட்பதில்லை. இன்னும் சிலர், பெருலாபம் தரும் முதலீடு என்று இழுப்பர். கணவரை இழந்த சகோதரிகளின் சேமிப்பே இவர்களுக்கு முதல் இலக்கு.

ஆண்பிள்ளைகளும் தப்புவதில்லை. முன்பின் அறியாத பெண்ணின் காணொளி அழைப்பை ஏற்ற மறுநிமிடமே அது பதிவாகி, உறவினருக்கு அனுப்புவோம் என்ற மிரட்டல் வருகிறது. அடுத்து, காவல்துறை அதிகாரி என்று ஒருவர் அழைத்துப் பணம் கேட்கிறார். பெண்பிள்ளைகளுக்கு மட்டும் உபதேசம் செய்து நிறுத்தும் பெற்றோர் இதைக் கவனிக்க வேண்டும்.

சந்திப்பதற்கு முன்

அந்நிய ஆணும் பெண்ணும் தனித்திருப்பதை மார்க்கம் தடுத்துள்ளது. பெண் பார்க்கும் சந்திப்பையோ அது தடுக்கவில்லை. பெண் கேட்ட முகீரா (ரலி) அவர்களை, அவரைப் பார்த்துக்கொள்ளும்படி நபி (ஸல்) அவர்களே ஏவினார்கள். எனவே, பார்க்கலாம், தனிமையில் அன்று. தந்தையோ சகோதரனோ தாய்மாமனோ உடன் இருக்கட்டும்.

நடைமுறையில் கவனிக்க வேண்டியவை:

• முதல் வாரத்திலேயே இரு வீட்டுப் பெரியவர்களும் பேச வேண்டும். அதைத் தள்ளிப்போடுபவரை நம்ப வேண்டாம்.

• வரனுடைய மஹல்லா ஜமாஅத்தில் நேரில் விசாரியுங்கள். முன்பு மணம் நடந்ததா, முடிந்ததா என்பதை அந்தப் பள்ளிவாசலின் நிகாஹ் தஃப்தரில் கேளுங்கள். வெளிநாட்டு வரனாயின், அங்கு வாழும் நம்மூர்க்காரர் ஒருவர் அவரை நேரில் காணட்டும்.

• ஆதார் நகல், வங்கி விவரம், வீட்டு முகவரி, தனிப்பட்ட படம் எதையும் நிகாஹுக்கு முன் அனுப்பக் கூடாது. பணம் கேட்ட நொடியே பேச்சை முடித்துவிடுங்கள்.

• நேரில் காண்பது பொது இடத்திலோ வீட்டாரின் முன்னிலையிலோ இருக்கட்டும். அவருடைய வாகனத்தில் ஏற வேண்டாம்.

• சாட்சியும் அறிவிப்பும் இல்லாத இரகசிய நிகாஹ் என்று யாரேனும் சொன்னால், அது மார்க்கத்தின் பெயரால் விரிக்கப்படும் வலை.

மிரட்டுபவனின் மூலதனம்

பெற்றோரிடம் நான் வலியுறுத்த விரும்புவது இதுவே. மிரட்டுபவனிடம் இருப்பது ஒரு படம் மட்டுமே. அதற்கு விலை கொடுப்பது நம் வீட்டின் அச்சம். "வாப்பாவுக்குத் தெரிந்தால் கொன்றுவிடுவார்" என்று ஒரு பெண் நினைக்கும் வரை அவன் கேட்பதையெல்லாம் அவள் கொடுத்துக்கொண்டே இருப்பாள். பொள்ளாச்சியில் நடந்ததை நாம் மறந்துவிடலாகாது. சமூக வலைத்தளங்களில் பழகி, படமெடுத்து, மிரட்டிய அக்கூட்டம், 2019-இல் ஒரு மாணவி துணிந்து புகார் கொடுத்த பிறகே வெளிச்சத்துக்கு வந்தது. 2025 மே 13 அன்று கோவை மகளிர் நீதிமன்றம் ஒன்பது பேருக்கும் சாகும் வரை சிறைத் தண்டனை விதித்தது. பாதிக்கப்பட்ட பெண்கள் வாய் திறந்ததால்தான் அந்தத் தீர்ப்பு கிடைத்தது.

கைப்பேசியைப் பறித்துவிட்டால் தீர்ந்தது என்பாரும் உளர். சிறுவர்க்கு அது பொருந்தலாம். வளர்ந்த பிள்ளையிடமிருந்து பறித்தால், வேறொரு கைப்பேசி இரகசியமாக வரும், இரகசியம் ஆழமாகும். பாவம் செய்துவிட்ட பிள்ளையும் நம் பிள்ளையே. தவ்பாவின் கதவை அல்லாஹ் திறந்து வைத்திருக்க, வீட்டுக் கதவை நாம் அடைப்பது எவ்விதத்தில் நியாயம்? கண்டிப்பதற்குப் பிறகும் நாள் இருக்கிறது. முதலில் அவள் பாதுகாப்பு.

அப்படியொரு நிலை வந்தால் பணம் கொடுக்காதீர்கள். கொடுத்தால் மேலும் கேட்பான். உரையாடலை அழித்துவிடாமல் எண், கணக்கின் பெயர், பணப் பரிமாற்ற விவரம் ஆகியவற்றைப் படமெடுத்து வையுங்கள். பணம் போயிருந்தால் உடனே 1930 என்ற எண்ணை அழையுங்கள். விரைந்து சொன்னால் பணத்தை வழியிலேயே முடக்க வாய்ப்புண்டு. தேசிய இணையக் குற்றப் புகார்த் தளத்திலும் பதியலாம். பெண்கள், குழந்தைகள் தொடர்பான புகார்களைப் பெயர் தெரிவிக்காமலும் அங்கு அளிக்கலாம். பெண்கள் உதவி எண் 181, குழந்தைகளுக்கு 1098.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேண்டுகோள். வெளியூரிலிருந்து விசாரித்து வருவோருக்கு உண்மையைச் சொல்ல, நம்பகமான இருவரை ஒவ்வொரு மஹல்லாவும் நியமிக்கட்டும். சிக்கலில் மாட்டிய பெண்கள் கூச்சமின்றிப் பேச, ஆலிமா ஒருவரும் அதில் இருக்கட்டும். கேட்டதை வெளியில் விடாத நாவு அவர்களுக்கு முதல் தகுதி.

இன்றிரவு உணவுக்குப் பின் உங்கள் பிள்ளைகளிடம் ஒரு வாக்கியம் சொல்லுங்கள்: "என்ன நடந்தாலும் முதலில் என்னிடம் சொல், நான் உன் பக்கம் நிற்பேன்." சொன்னபடி நிற்கும் வலிமையை வல்ல அல்லாஹ் நமக்குத் தந்து, நம் சந்ததிகளின் மானத்தையும் ஈமானையும் காத்தருள்வானாக! ஆமீன்.